தோலில்லாப் பறை: தொடுகருவிகளின் வரலாறு குறித்துச் சில கேள்விகள்

தொடுதிரை இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஜப்பானிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். கோர்க் நிறுவனத்தின் டிரினிட்டி கீபோர்டில் 1995இல் தொடுதிரை வந்தது. 1999இல் அதே நிறுவனம் காவோஸ் பேட் என்கிற சிறு பெட்டியை வெளியிட்டது. அதன் தொடுபரப்பில் விரலை இடவலமாக நகர்த்தினால் ஒலியின் ஒரு குணம் மாறும், மேல்கீழாக நகர்த்தினால் இன்னொன்று. பாடிக்கொண்டிருப்பவரின் குரலை அந்தக் கணமே பிடித்து, நறுக்கி, சிதறடித்து அரங்கில் வீசலாம். 2000க்குப் பிறகு ரேடியோஹெட் குழுவின் ஜானி கிரீன்வுட், தாம் யார்க்கின் குரலை மேடையிலேயே இப்படிப் பிசைந்தெடுத்தார்.

நம்மூர்க் கதையாடலில் அடுத்த அத்தியாயம் ஏ.ஆர். ரகுமான். லிப்போல்ட் ஹாக்கன் உருவாக்கிய கன்டினூம் என்னும் மெத்தென்ற பரப்பை 2009இல் வெளிவந்த 'டெல்லி-6' படத்தின் பாடலில் பயன்படுத்தினார், மேடையிலும் வாசித்தார். 2010இல் ஐபேட், 2015இல் ஜியோஷ்ரெட் செயலி, அதில் கர்நாடக இராகங்களை வாசிக்கும் மகேஷ் ராகவன் என்று இந்த வரிசை நீள்கிறது. இதில் கருவி இருக்கிறது, கம்பெனி இருக்கிறது, மேதை இருக்கிறார். ஆனால் தொடுவது கையல்லவா? யாரு கை, எதைத் தொட்டது, எதைத் தொடவிடாமல் தடுத்தார்கள் என்கிற கேள்விக்கு மட்டும் இங்கே இடமே இல்லை.

தொடுதலைப் பற்றி இங்கே அரசே தீர்ப்புச் சொன்னதுண்டு. அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. கட்டையை அழுத்தினால் ஒரு சுரம், விட்டால் இன்னொன்று; இரண்டுக்கும் நடுவே விரல் வழுக்கிப்போக வழியில்லை, ஆகவே கமகம் இல்லை, ஆகவே இது இந்திய இசைக்கு ஆகாது என்பது வாதம். 1971இல்தான் தடை தளர்ந்தது. அந்த முப்பது வருசமும் கூத்து மேடையிலும் நாடகக் கொட்டகையிலும் ஆர்மோனியம் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. மையத்தின் தீர்ப்பு விளிம்பின் காதில் விழவில்லை என்றும் சொல்லலாம், விளிம்பில் வாசித்தது இசைக் கணக்கிலேயே சேரவில்லை என்றும் சொல்லலாம். இன்றைக்குத் தொடுபரப்பு கொண்டாடப்படுவதற்குக் காரணமும் அதே வாதத்தின் மறுபக்கம்தான். வழுக்கும் விரல் திரும்பி வந்துவிட்டது, கமகம் மீண்டுவிட்டது என்கிறார்கள். இசையளவில் இது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் மீண்டது கமகத்தின் விரல். தாளத்தின் கை என்ன ஆனது?

இதைக் கேட்க நான் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. இராசேந்திரன் தலைநகராக்கிய கங்கைகொண்ட சோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அவன் தகப்பன் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் 'பறைச்சேரி'யும் 'தீண்டாச்சேரி'யும் எழுதப்பட்டிருக்கின்றன. தீண்டுதல் என்றாலும் தொடுதல்தான். ஆயிரம் வருசத்துக்கு முன்பே தொடுதல் இந்த மண்ணில் நிலக்கணக்கில் ஏறிய விசயம். இசையிலும் அப்படியே. மிருதங்கத்துக்குத் தோலைப் பதம் பண்ணிக் கட்டுகிற கை வேறு, சபாவில் அதை வாசித்துப் பேர் வாங்குகிற கை வேறு. டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' இந்தப் பிளவைத்தான் பதிவு செய்கிறது.

பறைக்கு இந்த வசதிகூட இல்லை. அங்கே தோலைத் தொட்டவனே அடிக்கவும் வேண்டும். தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, ஒரு கையில் அடிக்குச்சியும் மறு கையில் சிண்டுக்குச்சியுமாகச் சாவுக்கு முன்னால் போக வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கிழக்கே காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், பறையடிக்கும் கட்டாய ஊழியத்தை விடச் சொல்லி இயக்கம் நடத்தியவர் எல். இளையபெருமாள். தீண்டாமை குறித்து 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமையேற்று 1969இல் அறிக்கை தந்தவரும் அவரே. பிற்பாடு தலித் அரசியல் பறையை விடுதலையின் குரலாக மீட்டெடுத்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையைக் கையில் எடுத்தார்கள். விடுவதும் எடுப்பதும் எதிரெதிரானவை போலத் தெரியும். அடிப்பதா வேண்டாமா என்பதை அடிக்கிறவனே, அடிக்கிறவளே முடிவு செய்வது என்கிற இடத்தில் இரண்டும் ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் பேடு உள்ளே வருகிறது. ரோலண்ட் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த ஆக்டாபேடில் எட்டு ரப்பர்ப் பரப்புகள். 2011இல் வந்த எஸ்.பி.டி. எஸ்.எக்ஸில் விரும்பிய ஒலியைப் பதிந்து ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் பக்கத்துத் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுக்கள் இன்று இவற்றோடுதான் வருகின்றன. கீபோர்டின் திரையைத் தொட்டால் தவில், இன்னொரு தொடலில் உடுக்கை, பேடில் பறை. மிக்சரையும் எக்கோவையும்கூட ஒருவர் தள்ளி உட்கார்ந்து டேப்லெட்டில் தடவிக்கொண்டிருக்கிறார். அதே திருவிழாவில் சாமிக்கு முன்னால் நடந்தே அடிக்கிறவர்களுக்கு மேடையும் கிடையாது, மைக்கும் கிடையாது. பறையின் ஒலி மேடையேறிவிட்டது, ஆள் கீழே நிற்கிறார். பேடில் தோலில்லை. தோலில்லாததால் தீட்டில்லை. தீட்டில்லாததால் எவரும் தொடலாம், எங்கேயும் வைக்கலாம். பொதுப்புத்தி இந்த இயந்திரத்தை இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டதற்கு விலையும் வசதியும் மட்டும் காரணமென்று நான் நம்பவில்லை.

அதற்காக, 'ஐயோ, இயந்திரம் வந்து மரபு அழிகிறதே' என்று ஒப்பாரி வைக்க எனக்கு மனசில்லை. அந்த ஒப்பாரியை வைக்கிறவர்களில் பலருக்குச் சாவு வீட்டில் நின்று அடிக்க வேண்டிய கட்டாயம் ஒருநாளும் இருந்ததில்லை. பறையடித்தவர் வீட்டுப் பிள்ளை பேடு வாசிக்கப் போனால், அவன் தப்பித்துப் போகிறான் என்றும் வாசிக்க வேண்டும். ஊர் அவனை 'வாடா' என்று கூப்பிட்ட இடத்தில் குழு அவனை 'வாங்க' என்கிறது. கம்பெனிக்காரன் நினைத்துப் பார்க்காத விடுதலை இது. அதை அருங்காட்சியக மனோபாவத்தோடு பறிக்க நாம் யார்?

ஆக, பிரச்சினை தோலா ரப்பரா என்பதில் இல்லை. பேடில் ஏற்றப்பட்ட அந்த அடி யாரோ ஒருவர் தீயில் காய்ச்சிய தோலில், யாரோ ஒருவரின் கையால் அடிக்கப்பட்டது. பதிவு செய்த அன்றைக்கு அவருக்கு என்ன கொடுத்தார்கள்? அவர் பேர் எங்கே? காவோஸ் பேடில் குரல் சிதறினாலும் அது யார்க்கின் குரல் என்று அரங்கத்துக்குத் தெரியும். பாடியவர் பக்கத்திலேயே நிற்கிறார். நம் மேடையில் ஒலிக்கு உடம்பே இல்லாமல் செய்துவிட்டோம். ஒலிப்பதிவுக்குக் கூலியும் பேரும், திருவிழா மேடையில் இடமும், அடிக்கலாம் அல்லது மாட்டேன் எனலாம் என்கிற உரிமையும் பறைக்கலைஞருக்கு வேண்டும். கலைக்குழு வைத்திருக்கிற தோழர்கள் அடுத்த நிகழ்ச்சிக்குப் பேடில் பறையொலியை ஏற்றும்போது, இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசியாக வேண்டும்.