டால்பட் கண்ட ஒளிக்கோலம்

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பிரதேசத்தில் லேக்காக் அபி என்னும் புராதன மாளிகையில் வாழ்ந்த ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டை உலகம் புகைப்படக் கலையின் மூலகர்த்தாக்களில் ஒருவராகவே போற்றுகிறது. 1835-ல் அம்மாளிகையின் சாளரம் ஒன்றை அவர் காகிதத்தில் பதித்த கதை பிரசித்தம். அதற்கு அடுத்த ஆண்டு, ‘பிலசாபிகல் மேகசீன்’ என்ற சஞ்சிகையில் அவர் வெளியிட்ட ஒளியியல் குறிப்புகளோ நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தன.

இருட்டறைக்குள் சிறு துவாரத்தின் வழியே சூரியகிரணத்தை வரவிட்டு, ஜெர்மானிய நிபுணர் ஃபிரௌன்ஹோஃபர் செய்த கீற்றணியை, அதாவது சமமான இடைவெளியில் நெருங்கிய கோடுகளை உடைய தட்டை, அதன் பாதையில் நிறுத்தி, பூதக்கண்ணாடியால் நோக்கினார் டால்பட். கண்ணாடியைப் பின்னால் நகர்த்த நகர்த்த, கோடுகள் மங்கிக் கலைந்துவிடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவர் கண்டதோ, சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி நின்ற பட்டைகள் மெல்ல நீலமும் மஞ்சளுமாகி, மேலும் நகர்த்தியதும் மறுபடி சிவப்பும் பச்சையுமாகத் திரும்பி, எவ்வளவு தூரம் சென்றாலும் கூர்மை குன்றாமல் இருந்த அதிசயம்! கண்டதைக் கண்டபடியே எழுதிவைத்த அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

காரணத்தை விளக்கியவர் ராலே பிரபு. கீற்றணிகளைப் புகைப்பட முறையில் பிரதியெடுக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அவர், 1881-ல், ஒவ்வோர் இடுக்கிலிருந்தும் விரிந்து பரவும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து, கோட்டு இடைவெளியின் வர்க்கத்தை இருமடங்காக்கி அலைநீளத்தால் வகுத்தால் கிடைக்கும் தூரத்தில், லென்ஸின் துணையே இல்லாமல் மூல உருவத்தை மீண்டும் தாமே அமைக்கின்றன என்று நிர்ணயித்தார். இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகவும், பச்சை ஒளியின் அலைநீளம் இரண்டாயிரத்தில் ஒரு பங்காகவும் இருந்தால், அத்தூரம் 40 மில்லிமீட்டர். அதன் பாதியில், ஒளிக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் நிழலும், நிழலின் இடத்தில் ஒளியும் நிற்கும். இத்தூரம் நிறத்துக்கு நிறம் வேறுபடுவதால்தான், டால்பட்டின் பட்டைகளில் ஒரு நிறம் விட்ட இடத்தில் மற்றொரு நிறம் வந்து அமர்ந்தது.

இந்த விளக்கம் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1877-ல், டால்பட் காலமாகிவிட்டார். சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் தெளிவாகத் தோன்றாத மென்திசுக்களைப் புலப்படுத்தும் நவீனக் கருவிகள் சில, இன்று அவர் பெயரால் வழங்கும் இவ்விளைவையே ஆதாரமாகக் கொண்டுள்ளன. சாளரப் படத்துக்கு நாம் அளிக்கும் கௌரவத்தில் பாதியையேனும் இந்தக் கண்டுபிடிப்புக்கும் அளிப்பதே நியாயம்.