அருகில் இருப்பவர் யார்?

பக்கத்துக் கல்லூரி மாணவர்களை முன்னேற்பாடு ஏதுமின்றிச் சந்திக்கவைக்கும் செல்பேசிச் செயலியொன்றை உருவாக்க வேண்டும் என்ற ஆசை இன்று கணினித்துறை மாணவர் பலருக்கும் இருக்கிறது. ஆசை புதிதல்ல, அதற்குக் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்த பின் செயலியைத் தொடங்குவது நல்லது என்பது நம் எண்ணம்.

1998இல் ஜப்பானில் 'லவ்கெட்டி' என்ற சிறு கருவி விற்பனைக்கு வந்தது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இரண்டும் சில மீட்டர் தொலைவுக்குள் வந்தால் ஒலி எழுப்பும். 2000இல் டென்னிஸ் கிரௌலி தொடங்கி, பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அலெக்ஸ் ரெய்னர்ட்டுடன் சேர்ந்து வளர்த்த 'டாட்ஜ்பால்' வேறு வழியில் சென்றது. தாம் இருக்கும் இடத்தின் பெயரைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் அது நண்பர்களுக்குப் போய்ச்சேரும். அருகில் உள்ளவர் வந்து சேர்ந்துகொள்வார். கூகிள் அதை 2005இல் வாங்கி 2009இல் மூடிவிட்டது. அதே ஆண்டு கிரௌலியும் நவீன் செல்வதுரையும் 'ஃபோர்ஸ்கொயர்' சேவையைத் தொடங்கினர்.

டாட்ஜ்பாலில் ஒருவர் தம் இடத்தைத் தாமே சொன்னார். சொல்லாதபோது அது எவருக்கும் தெரியாது. செயற்கைக்கோள் வழியே இடமறியும் செல்பேசிகள் பரவியபின் இந்த ஒழுங்கு குலைந்தது. 2012இல் 'கேர்ள்ஸ் அரவுண்ட் மீ' என்ற செயலி, ஃபோர்ஸ்கொயரிலும் ஃபேஸ்புக்கிலும் பொதுவில் கிடந்த தகவல்களைத் திரட்டி, அருகிலுள்ள பெண்களை வரைபடத்தில் காட்டியது. கண்டனம் எழவே ஃபோர்ஸ்கொயர் தகவல் தருவதை நிறுத்தியது, செயலியும் விலக்கிக்கொள்ளப்பட்டது. தொலைவை மட்டும் காட்டினால் போதுமென்பதும் பிழையே. மூன்று இடங்களிலிருந்து தொலைவை அறிந்தால் ஆள் நிற்கும் புள்ளியைக் கணக்கிட்டுவிடலாம். 'டிண்டர்' செயலியில் இருந்த இக்குறை 2014இல் வெளிப்பட்டது.

இனி நம் சமவெளிக்கு வருவோம். சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்ததும் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியதும் 1997இல். திருச்செங்கோடு, இராசிபுரம், நாமக்கல் என்று நெடுகக் கல்லூரிகள். காலையில் கல்லூரிப் பேருந்து கொண்டுவந்து இறக்குகிறது, மாலையில் ஏற்றிச் செல்கிறது. மதிலுக்கு அப்பால் படிப்பவரை அறிய வாய்ப்பே இல்லை.

ஆயினும் 2017 சனவரியில் ஏறுதழுவுதலுக்காகச் சேலத்து மாணவர்களும் திரண்டனர். மறிக்கப்பட்ட பயணிகள் ரயில் நாள்கணக்கில் நகரவில்லை. அவர்களைத் திரட்டியது ஆளைத் தேடும் செயலியன்று. இன்ன இடம், இன்ன காரியம் என்ற செய்தி கைபேசிகளில் பரவியது, விரும்பியவர் வந்தனர். திண்ணைக்கும் சாவடிக்கும் ஆட்கள் கூடியதும் இவ்வாறே.

எனவே நம் மாணவர் செய்யும் செயலி ஆளைக் காட்ட வேண்டியதில்லை. கூடும் இடத்தைக் காட்டட்டும். நூலக வாசல், ஐந்து மணி, நாவல் பற்றிய பேச்சு என்று ஒருவர் அறிவித்தால் போதும். வருபவரின் இருப்பிடத்தைத் தோராயமாக அறிந்தாலே போதுமானது. அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். தசமத்தில் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் துல்லியம் ஒரு கிலோமீட்டராகக் குறையும். அக்குறைப்பும் செல்பேசிக்குள்ளேயே நடந்துவிட வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணொருத்தி அச்சமின்றி அதைத் திறக்க முடியுமா என்பதே அச்செயலிக்கு முதல் தேர்வு.