பூட்டிய பெட்டியும் அச்சிட்ட தாளும்: கார்ன்வால் நீராவிப் பொறிகளின் திறந்த வரலாறு

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வால், செம்பும் வெள்ளீயமும் மலிந்த நிலம். ஆனால் எரிப்பதற்கு ஒரு கூடை நிலக்கரிகூட அதன் மண்ணில் கிடைக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் தாதுப்படிவைத் தேடிச் சுரங்கங்கள் ஆழமாக இறங்க இறங்க, அடியில் ஊறும் நீர் வேலையை முடக்கியது. அந்நீரை இறைக்க நியூகமன் வடிவமைத்த நீராவிப் பொறி வந்து சேர்ந்தது என்றாலும், அதன் கொதிகலனுக்கு வேண்டிய கரி முழுவதும் தெற்கு வேல்சிலிருந்து கப்பலேறி வந்து, துறைமுகத்திலிருந்து சுரங்கம்வரை சுமந்து செல்லப்பட வேண்டியிருந்தது. எனவே ஒரு சுரங்கம் நிலைப்பதும் மூடப்படுவதும் தாதின் வளத்தைப் போலவே எரிந்து தீர்ந்த கரியின் அளவையும் பொறுத்திருந்தது. இங்கிலாந்தின் வேறு பகுதிகளில் கரி வீணாவது சிறு குறையாகக் கருதப்பட்ட காலத்தில், கார்ன்வாலில் அது பிழைப்பையே தொடும் விஷயமாக இருந்தது.

ஒரு கருவியின் வரைபடத்தையும் செய்முறையையும் எவரும் பார்க்கவும், அதன்படி செய்யவும், திருத்தவும், விற்கவும் உரிமையளிக்கும் ஏற்பாடு இன்று ‘திறந்த வன்பொருள்’ எனப்படுகிறது. இப்பெயர் அண்மைக்காலத்தது; ஆனால் இதன் சாரமான நடைமுறை, ஒரு வட்டாரத்தின் கைவினைஞர்கள் தம் கண்டுபிடிப்புகளைத் தமக்குள் பொதுவில் வைத்து ஒருவர் வேலையின்மேல் மற்றவர் கட்டியெழுப்பும் வழக்கம், கார்ன்வாலில் 1811 முதல் பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது. வடிவமைப்பைத் திறந்து வைத்தால் மட்டும் அத்தகைய சமூகம் தானே உருவாகிவிடாது என்பதையும் அந்த வரலாறே தெளிவாகக் காட்டுகிறது.

அதன் முன்கதை ஜேம்ஸ் வாட்டிடம் தொடங்குகிறது. நீராவியை உருளைக்குள்ளேயே குளிர்விக்காமல் தனிக் கலம் ஒன்றுக்கு, அதாவது ஒடுக்கிக்கு, அனுப்பிக் குளிர்விக்கும் முறைக்கு அவர் 1769இல் காப்புரிமை பெற்றார்; 1775இல் நாடாளுமன்றச் சட்டம் அதை 1800வரை நீட்டித்தது. கரிச் செலவைப் பெரிதும் குறைத்த இப்பொறியைக் கார்ன்வால் சுரங்கங்கள் 1777 முதல் ஆவலோடு நிறுவின. ஆனால் போல்டன்–வாட் நிறுவனம், பழைய நியூகமன் பொறியோடு ஒப்பிட்டு மிச்சமான கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்டது. மிச்சத்தைக் கணக்கிடப் பொறி எத்தனை முறை இயங்கியது என்பது தெரிய வேண்டும்; அதற்காக ஒவ்வொரு அசைவையும் எண்ணும் எண்ணி ஒன்று, எவரும் கை வைக்க முடியாதபடி பூட்டிய பெட்டிக்குள் பொருத்தப்பட்டது. இரட்டை உருளைப் பொறியை உருவாக்கி 1781இல் காப்புரிமை பெற்ற ஜானதன் ஹார்ன்ப்ளோவரும், வேறு அமைப்பில் முயன்ற எட்வர்ட் புல்லும் வாட்டின் காப்புரிமையை மீறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர்; புல் மீது வழக்கும் நடந்தது. உள்ளூர்ப் பொறியாளர் பலரும் பொறியைத் திருத்தத் துணியாத அந்த ஆண்டுகள், கார்ன்வாலில் காப்புரிமையின் மீதே நெடுங்காலம் நீடித்த கசப்பை விதைத்தன.

1800இல் காப்புரிமை காலாவதியாகி, போல்டன்–வாட்டின் முகவர்கள் ஊரைவிட்டு வெளியேறினர். கட்டணம் இல்லை, வழக்கு இல்லை, வடிவமைப்போ எல்லோருக்கும் தெரிந்தது. விடுதலை பெற்ற பொறிகள் விரைந்து முன்னேறியிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறானது. கணக்கெடுப்பவர் போனதோடு கணக்கும் போயிற்று, பராமரிப்பு தளர்ந்தது, எந்தப் பொறி நன்றாக உழைக்கிறது, எது கரியைத் தின்று சும்மா நிற்கிறது என்பதை அடுத்த சுரங்கத்தார் அறிய வழியே இல்லாமல் போனது. பத்தாண்டுக்கு மேல் நீடித்த இந்தத் தேக்கமே இவ்வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்க பகுதி, ஏனெனில் தடை நீங்குவது ஒன்று, கூட்டு முயற்சி பிறப்பது வேறொன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று கிடைப்பது அரிது.

அந்தத் தேக்கத்தை உடைத்தவர் க்ரென்வர், ஓட்ஃபீல்ட் சுரங்கங்களின் மேலாளராக இருந்த ஜோயல் லீன். சுரங்க மேலாளர்களைக் ‘கேப்டன்’ என்றழைக்கும் அவ்வூர் வழக்கப்படி அவர் கேப்டன் லீன் எனப்பட்டார். சுரங்கத்தார் சிலர் கூடி, தம் பொறிகளின் உழைப்பை ஒருவர் மாதந்தோறும் அளந்து அச்சிட்டு வெளியிட வேண்டும் என முடிவு செய்து, அப்பொறுப்பை 1811இல் அவரிடம் ஒப்படைத்தனர். ‘லீன்ஸ் எஞ்சின் ரிப்போர்ட்டர்’ என்று பெயர்பெற்ற அந்த அறிக்கைக்கு அடிப்படையாக அமைந்தது ‘டியூட்டி’ என்னும் அளவு: 94 ராத்தல் எடையுள்ள ஒரு புஷல் கரியை எரித்து, ஒரு பொறி எத்தனை ராத்தல் நீரை ஓரடி உயரத்துக்கு ஏற்றுகிறது என்பதே அது. சுரங்கத்தின் பெயர், உருளையின் விட்டம், பிஸ்டன் நகரும் நீளம், நீரேற்றும் ஆழம், எரிந்த கரி, மாத அசைவுகளின் எண்ணிக்கை, டியூட்டி, பொறுப்பான பொறியாளரின் பெயர், குறிப்பிடத்தக்க மாற்றங்கள் பற்றிய குறிப்பு ஆகிய அனைத்தும் ஒரே தாளில் வரிசையாக அச்சிடப்பட்டன. எண்ணி இப்போதும் பூட்டிய பெட்டிக்குள்தான் இருந்தது. சாவி மட்டும் கட்டணம் வசூலிப்பவரிடமிருந்து, சுரங்கத்தார் பொதுவில் அமர்த்திய அறிக்கையாளரின் கைக்கு மாறியிருந்தது. வாடகை கறக்க உதவிய அதே கருவி, ஊருக்கே பொதுவான அளவுகோலாக மாறியது. லீன் 1812இல் இறந்தபின் அவருடைய மகன்கள் தாமஸும் ஜானும் அப்பணியைத் தொடர்ந்தனர்.

இந்தத் தாளைக் கையில் வைத்திருந்தவர்கள் எதைக் கற்றார்கள் என்பதை அறியப் பொறியின் இயக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஏற்றத்தின் துலாவைப் போல நடுவில் தாங்கப்பட்ட பெரிய இரும்பு உத்தரம் ஒன்றின் ஒரு முனையில் பிஸ்டனும், மறுமுனையில் சுரங்கத்தின் அடிவரை இறங்கும் கனத்த பம்புத் தண்டும் தொங்கின. நீராவி பிஸ்டனைக் கீழே தள்ளத் தண்டு மேலெழும். பின் நீராவி பிஸ்டனின் மறுபக்கத்துக்குத் திறந்துவிடப்பட, தண்டு தன் எடையாலேயே இறங்கி நீரை மேலே அழுத்தும். வாட்டின் பொறி காற்றழுத்தத்தைச் சற்றே மிஞ்சிய நீராவியால் இயங்கியது. 1812இல் வீல் ப்ராஸ்பர் சுரங்கத்தில் (‘வீல்’ என்பது அங்கு சுரங்கப் பெயர்களின் முன் வரும் சொல்) ரிச்சர்ட் ட்ரெவிதிக் நிறுவிய பொறியோ சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 40 ராத்தல் அழுத்தமுள்ள நீராவியைப் பயன்படுத்தியது. பிஸ்டன் சிறிது தூரம் நகர்ந்ததுமே வால்வை மூடிவிட, உள்ளே அடைபட்ட நீராவி தானே விரிந்து மீதி வேலையைச் செய்தது; விரிவின் ஆற்றல் வீணாகாததால் கரி மிச்சமாயிற்று. இவ்வழுத்தத்தைத் தாங்க, நீண்ட உருளை வடிவ ஓட்டின் நடுவே செல்லும் குழாய்க்குள் தீ எரியும் கொதிகலன் ஒன்றையும் அவர் உருவாக்கினார். இவ்விரண்டுக்கும் ட்ரெவிதிக் காப்புரிமை கோரவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் ஆர்தர் உல்ஃப், தாம் 1804இல் காப்புரிமை பெற்றிருந்த இரட்டை உருளைப் பொறியை வீல் ஏப்ரஹாம் சுரங்கத்தில் நிறுவி உயர்ந்த டியூட்டியைக் காட்டினார். தொடக்கத்தில் உல்ஃபின் பொறியே முந்தியது. எனினும் கட்டணமின்றி எவரும் செய்துகொள்ளக்கூடிய ஒற்றை உருளைப் பொறியில் பலர் மாதந்தோறும் சிறுசிறு திருத்தங்களைச் செய்து, விளைவை அச்சில் பார்த்து, அடுத்த அடியை எடுத்துவைக்க, அது மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. 1820களில் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிட, எளிதில் கட்டவும் பராமரிக்கவும் ஏற்ற ஒற்றை உருளையே நிலைத்தது. பின்னாளில் உல்ஃபும் அதையே கட்டினார்.

போட்டியிடும் சுரங்கங்கள் தம் இரகசியங்களை இப்படிக் கொட்டியதற்குப் பெருந்தன்மையை மட்டும் காரணமாகச் சொல்வது சரியாகாது. கார்ன்வால் சுரங்கங்கள் ‘காஸ்ட் புக்’ என்னும் கணக்குமுறையில் நடந்தன; பங்குதாரர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை கூடி வரவுசெலவைத் தீர்த்துக்கொண்டனர். அவர்களில் பலர் ஒரே நேரத்தில் பல சுரங்கங்களில் பங்கு வைத்திருந்ததால், ஓரிடத்துத் திருத்தம் பிற இடங்களுக்குப் பரவுவது அவர்களுக்கு லாபமாகவே இருந்தது. செம்பின் விலையை ஒரு தனிச் சுரங்கம் அசைக்க முடியாது என்பதால், அண்டைச் சுரங்கம் கரியை மிச்சப்படுத்துவது தன் விற்பனையைக் கெடுத்துவிடும் என்ற அச்சமும் எழவில்லை. பொறியாளர்களோ ஒரே முதலாளியிடம் மாதச்சம்பளத்தில் கட்டுண்டவர்களாக இல்லாமல் பல சுரங்கங்களுக்குப் பொறுப்பேற்றவர்கள். தம் பெயருக்கு எதிரே அச்சாகும் எண்ணே அவர்களுக்கு அடுத்த வேலையைத் தேடித்தந்தது.

பெயர் அச்சில் வரும்போது சந்தேகமும் உடன் வரும். 1827இல் வீல் டோவன் சுரங்கத்தில் சாமுவேல் க்ரோஸ், வெப்பம் வெளியே கசியாதபடி உருளையையும் நீராவிக் குழாய்களையும் கொதிகலனையும் மூடிக் காத்தார். தனித்தனியே பார்த்தால் அற்பமாகத் தோன்றும் இத்திருத்தங்கள் சேர்ந்து, மறு ஆண்டில் டியூட்டியை 8 கோடிக்கு மேல் உயர்த்தின. 1811இல் அறிக்கையிடப்பட்ட பொறிகளின் சராசரி 2 கோடியைக்கூட எட்டவில்லை என்பதால் பலர் இதை நம்ப மறுத்தனர். அதற்குக் கிடைத்த விடை வாய்ச்சண்டையன்று, பிற பொறியாளர்கள் உடனிருக்க நடந்த சோதனை. 1835இல் ஃபோவி கன்சல்ஸ் சுரங்கத்தில் வில்லியம் வெஸ்ட் கட்டிய பொறி 12½ கோடியைக் காட்டியபோதும் அவ்வாறே சாட்சிகள் முன்னிலையில் சோதனை நடந்தது. 1840களில் அறிக்கையின் சராசரியே 6 கோடியைத் தாண்டியது. தனியொரு மேதையின் பெயரோடு கட்டிவைக்க முடியாத முன்னேற்றம் இது. இதன் பெருமை அங்கேதான் இருக்கிறது.

கார்ன்வாலின் எண்களை லண்டன் வல்லுநர்கள் நெடுநாள் நம்பவில்லை. கிழக்கு லண்டன் குடிநீர் நிறுவனத்தின் பொறியாளர் தாமஸ் விக்ஸ்டீட், 1830களின் இறுதியில் ஒரு கார்ன்வால் பொறியை வரவழைத்து நிறுவிச் சோதித்து அவை மெய்யென உறுதிசெய்தபின், நகரங்களின் நீர்வழங்கலுக்கும் அப்பொறிகள் சென்றன. நெதர்லாந்தில் ஹார்லம் ஏரியை வற்றவைத்து 1852இல் நிலமாக்கிய மூன்று பெரும் நீரேற்று நிலையங்களிலும் கார்ன்வால் மரபே இயங்கியது. அவற்றில் க்ரூக்கியஸ் நிலையத்துக்கு ஹெயில் ஊரின் ஹார்வி வார்ப்பாலை வார்த்தளித்த உருளையின் விட்டம் 144 அங்குலம்.

போட்டியாளர்கள் தொழில்நுட்ப அறிவைத் தமக்குள் பகிர்ந்து முன்னேறும் முறைக்குப் பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன் 1983இல் ‘கூட்டுப் புத்தாக்கம்’ எனப் பெயரிட்டார். அலெசாந்த்ரோ நுவோலாரி அதைக் கார்ன்வால் பொறிகளுக்குப் பொருத்தி விரிவாக ஆராய்ந்தார். இவ்வாய்வுகள் போற்றத்தக்கவை, ஆனால் அறிக்கையின் குறைகளையும் மறைக்கலாகாது. உயர்ந்த எண்ணுக்காக நல்ல கரியைத் தேர்ந்தெடுத்து எரித்தனர் என்ற ஐயங்கள் எழுந்தன. பெயர் அச்சான பொறியாளர்களுக்குப் பின்னால், இரவும் பகலும் தீயைக் காத்து, கரியை மெல்லிய அடுக்காகப் பரப்பி, வால்வுகளின் நேரத்தைக் காதாலேயே கணித்த பொறியோட்டிகளும் இருந்தனர். டியூட்டியின் பெரும்பகுதி அவர்களின் கையில்தான் இருந்தது. அத்தாளில் அவர்களுக்கென ஒரு பத்தியும் இல்லை.

நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் அறிக்கைக்குத் தரவளிக்கும் சுரங்கங்கள் குறையத் தொடங்கின. எளிதில் கிட்டக்கூடிய சேமிப்பெல்லாம் கிடைத்துவிட்டதால் அடுத்த சிறு உயர்வுக்கு ஆகும் செலவு அதன் பயனை விழுங்கியது. தொலைநாடுகளில் புதிய செம்புச் சுரங்கங்கள் திறந்ததும் கார்ன்வால் செம்பு விலைபோகவில்லை. தொழிலாளரும் கேப்டன்களும் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினர். க்வென்னாப் பகுதியின் கன்சாலிடேட்டட் சுரங்கங்களை நடத்தி, அங்கு உல்ஃபின் பெரிய பொறிகளை நிறுவச் செய்த ஜான் டெய்லரின் குடும்ப நிறுவனமே 1880 முதல் கோலார் தங்கவயலின் நிர்வாகத்தை ஏற்றது. வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் அங்கு கார்ன்வால் கேப்டன்களின் கீழ்ச் சுரங்கத்தில் இறங்கினர். ஊரில் எஞ்சிய சில பொறிகளின் கணக்கைச் சுமந்தபடி லீன் அறிக்கை 1904வரை வெளிவந்தது.