டிக்கிக்குள் ஒரு மேசை
(சாலைகளின் சரித்திரம் – 17)

சென்ற வாரம் மிட்சுபிஷி பஜேரோவோடு நிறுத்தியிருந்தோம். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானியர்களின் கண்ணெல்லாம் அந்த மாதிரி உயரமான வண்டிகள் மேல்தான். ஹோண்டாவிடம் அப்படி ஒன்றுகூட இல்லை. லாரி போல இரும்புச் சட்டத்தின் மேல் வண்டி கட்டுவது அதன் வழக்கமில்லை. லேண்ட் ரோவர் டிஸ்கவரியை ‘கிராஸ்ரோடு’ என்று பெயர் மாற்றி ஜப்பானிலும், இசுசு ரோடியோவை ‘பாஸ்போர்ட்’ என்று அமெரிக்காவிலும் விற்றது. ஃபார்முலா ஒன்னில் அயர்டன் சென்னாவுக்கு எஞ்சின் கொடுத்த நிறுவனத்துக்கு இந்த நிலைமை!

1995 அக்டோபரில் ஹோண்டாவின் சிஆர்-வி வந்தது. கையில் இருந்த சிவிக் காரின் அடித்தளத்தையே எடுத்து, உயர்த்தி, அகலப்படுத்தி, 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வைத்தார்கள். அதன் நான்கு சக்கர இயக்கத்தை நான் இன்றும் வியக்கிறேன். பின்பக்கம் இரண்டு எண்ணெய் பம்புகள். ஒன்றை, முன்னிருந்து வரும் இரும்புத் தண்டு வழியே முன்சக்கரங்களும், மற்றொன்றைப் பின்சக்கரங்களும் சுழற்றும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும்வரை எண்ணெய் சும்மா வளைய வரும். முன்சக்கரம் சேற்றில் வழுக்கினால் வேகம் மாறும், எண்ணெய் அழுத்தம் ஏறும், அந்த அழுத்தமே கிளட்சைப் பிடித்துப் பின்சக்கரங்களுக்கும் இழுவை தரும். சுவிட்ச் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. காட்டாற்றைக் கடக்க இது போதாதுதான். மழையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கி, மடக்கிய கால்களை விரித்தால் அது சாப்பாட்டு மேசை! யாருக்காக இந்த வண்டி என்பதை அந்தப் பலகையே சொல்லிவிட்டது.

2001இல் வந்த இரண்டாம் தலைமுறையிலும் மேசை இருந்தது; 2003இல் இந்தியாவுக்கு வந்தது இந்த வண்டிதான். 2006இல் மூன்றாம் தலைமுறை. பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னி டிக்கியின் தரைக்கு அடியில் போனது. பக்கவாட்டில் திறந்த கதவு மேல்நோக்கித் திறந்தது. மேசையும் போயிற்று. ஜீப்பின் சாயலை விட்டுவிட்டது சரியான முடிவு. மேசையை விட்டதுதான் எனக்கு மனத்தாங்கல்.

2011இல் நான்காம் தலைமுறை. பம்புகளின் வேலையை மின்னணுக் கட்டுப்பாடு எடுத்துக்கொண்டது. ஐந்தாவது 2018இல் இந்தியாவுக்கு வந்தபோதுதான் சிஆர்-வி இங்கே முதன்முறையாக டீசல் எஞ்சினும் ஏழு இருக்கைகளும் பெற்றது. 2020 டிசம்பரில் ஹோண்டாவின் கிரேட்டர் நொய்டா ஆலையில் கார் உற்பத்தி நின்றது. இங்கே சிஆர்-வி கதையும் அத்தோடு முடிந்தது.

2022இல் ஆறாம் தலைமுறை வந்தது. அதன் நான்கு சக்கர இயக்க ஹைபிரிட் வண்டியிலும், முன்னிருந்து பின்சக்கரங்களுக்கு அந்தப் பழைய இரும்புத் தண்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

(தொடரும்)