நாடா அழிந்தபின் நின்ற எழுத்து

திரையில் வந்ததைப் பார்த்து எழுதிய நாவலை இலக்கியத்தில் சேர்க்க விமர்சகர்கள் மறுக்கிறார்கள். ஆறிய சோறு என்பது அவர்கள் கட்சி. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' என்ற டெலிவிஷன் தொடரை ஒட்டி எழுந்த நாவல்களின் சரித்திரம் அந்தத் தீர்ப்பைச் சற்று அசைக்கிறது என்று எனக்குப் படுகிறது.

விஞ்ஞானக் கற்பனைத் தொடர் அது. 1963 நவம்பரில் தொடங்கியது. அடுத்த ஆண்டே முதல் நாவல் வந்துவிட்டது. டெர்ரி நேஷன் டெலிவிஷனுக்கு எழுதிய கதையை நாவலாக்கிய டேவிட் விட்டேகர், பாத்திரங்களில் ஒருவனான பள்ளி ஆசிரியன் இயனையே கதைசொல்லியாக்கினார், ஆரம்பத்தையும் மாற்றினார். காமிராவிடம் இல்லாத ஒரு 'நான்' எழுத்துக்கு வாய்த்தது.

பிறகு அழிப்பு நடந்தது. ஒளிநாடா விலை அதிகம், அழித்துவிட்டு மறுபடி பதியலாம். மறு ஒளிபரப்புக்கு நடிகர்களுடனான ஒப்பந்தங்கள் வரம்பு வைத்திருந்தன. வீட்டு வீடியோ அன்று சந்தையாகவில்லை. ஆக 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் பி.பி.சி. தன் நாடாக்களைத் தானே துடைத்தது. பிலிம் பிரதிகளையும் கழித்துக் கட்டியது. 1964ல் ஒளிபரப்பான 'மார்க்கோ போலோ'வின் ஏழு பகுதிகளும் போயின. ரசிகர்கள் வீட்டில் பதிந்து வைத்த ஒலியும் புகைப்படங்களும்தான் மிச்சம். இருபது ஆண்டுகள் கழித்து, 1984ல், அதை எழுதிய ஜான் லூகரோட்டியே நாவலாக்கினார். குழந்தைகளுக்கென்று டார்கெட் வெளியிட்ட மலிவுப் பதிப்பு வரிசையில் அது சேர்ந்தது. காப்பகம் செய்யத் தவறியதைச் சில்லறைக் காசுக்கு விற்ற புத்தகங்கள் செய்தன.

சாட்சி சொன்னதற்காக மட்டும் ஒரு நாவலைப் படிக்கச் சொல்லமாட்டேன். மால்கம் ஹல்க் 1970ல் டெலிவிஷனுக்கு எழுதியதைத் தானே 1974ல் 'கேவ் மான்ஸ்டர்ஸ்' என்று நாவலாக்கினார். மனிதனுக்கு முன் பூமியை ஆண்ட ஊர்வன இனம் நெடுந்தூக்கத்திலிருந்து விழிக்கும் கதை. திரையில் அவை பெயரற்ற ரப்பர் முகங்கள். நாவலோ அவற்றில் ஒன்றான ஒக்டெல், உறங்கப் போகுமுன் தன் உலகைக் கடைசியாகப் பார்ப்பதில் தொடங்குகிறது. அந்த ஒரு அத்தியாயத்தால் வாசகனின் இடம் மாறிவிடுகிறது. பின்னால் வரும் மனிதர்கள் ஆக்கிரமிப்பாளர்களாகத் தெரிகிறார்கள்.

இந்த வரிசையில் எல்லாம் தேறாது. அவசரத்தில் வசனத்தைக் கோத்துக் கொடுத்தவை நிறைய. ஆனால் வகையைச் சொல்லி நூலைத் தள்ளுவது, பார்க்காமலே நாடாவைத் துடைத்த குமாஸ்தாவின் காரியம்.