பெந்தெகொஸ்தே விடுமுறையில் இரு நண்பர்

பவேரியாவின் வடபகுதியான ஃபிராங்கோனியாவில் எர்லாங்கன் என்றொரு பல்கலைக்கழக நகர் உண்டு. அந்நகரின் வடபுறத்தே ஒரு சிறு குன்று. குன்றின் மணற்பாறையைக் குடைந்து நீண்ட நிலவறைகள் அமைத்திருக்கிறார்கள். குளிரூட்டும் இயந்திரங்கள் தோன்றாத காலத்தில், மாரியில் காய்ச்சிய பீரைக் கோடைவரை கெடாமல் காப்பதற்கு அவ்வறைகளின் குளிர்ச்சியே துணை. மேலே நிழல் வேண்டி மரங்களை வளர்த்தனர். மரநிழலில் பலகைகளை இட்டு அமர்ந்து, அடியிலிருந்து வரும் பீரைக் கற்குவளைகளில் பருகினர். பெந்தெகொஸ்தே திருநாளையொட்டி ஊருக்குள் கூடிவந்த சந்தையை 1755ஆம் ஆண்டில் இக்குன்றுக்கு மாற்றினர். தேவாலயத் திருநாளும் சந்தையும் பீரும் ஒன்றுகூடிய 'பெர்க்கிர்ஷ்வை' விழா அவ்வாறு பிறந்தது. உலகெங்கும் பெயர்பெற்ற மியூனிக் பீர்த் திருவிழா 1810இல் ஓர் இளவரசரின் திருமணக் கொண்டாட்டமாகத் தொடங்கியது. எர்லாங்கன் விழா அதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் மூத்தது. மியூனிக்கின் புகழ் அதற்கு வாய்க்கவில்லை. எர்லாங்கன் மக்கள் அதைப்பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. விழாவை அவர்கள் 'குன்று' என்ற ஒரே சொல்லால் குறிப்பர். அதற்குமேல் விளக்கம் அவ்வூரில் எவருக்கும் தேவைப்படுவதில்லை.

1793ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், பெந்தெகொஸ்தே ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. ஊரார் குன்றை நோக்கி ஏறும் அந்த நாட்களில், மாணவர் இருவர் குதிரைமீதேறி ஊரைவிட்டுக் கிளம்பினர். ஒருவர் வில்ஹெல்ம் ஹைன்ரிஷ் வாக்கன்ரோடர். மற்றவர் லுட்விக் டீக். இருவரும் பெர்லினில், ஒரே ஆண்டில், 1773இல் பிறந்தவர்கள். ஒரே பள்ளியில் படித்தவர்கள். இருவருக்கும் இருபது வயது நிறையவில்லை. டீக்கின் தந்தை கயிறு திரிக்கும் தொழில்வினைஞர். வாக்கன்ரோடரின் தந்தையோ பிரஷ்ய அரசின் உயர் அலுவலர். அறிவொளிக் கால நெறியில் ஊறியவர். மகன் சட்டம் பயின்று நீதித்துறையில் அமர வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர். மகனுக்கு இசையும் கவிதையுமே உயிர். பெர்லினில் கார்ல் ஃபாஷ் என்னும் இசைமேதையிடம் பாடம் கேட்டவர் அவர். தந்தையை எதிர்த்து நிற்கும் மனவலிமை மட்டும் அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

பெர்லின்வாசிகளான இவ்விருவரும் தொலைவிலுள்ள எர்லாங்கனுக்கு வந்து சேர்ந்ததற்கு ஓர் அரசியல் காரணம் உண்டு. ஆன்ஸ்பாக், பைராய்ட் என்னும் இரு சிற்றரசுகளை ஆண்ட கடைசிக் கோமகன் 1791இல் தம் நாடுகளைப் பிரஷ்யாவிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார். அதனால் 1743இல் நிறுவப்பட்ட எர்லாங்கன் பல்கலைக்கழகமும் பிரஷ்ய அரசின் கீழ் வந்தது. பிரஷ்ய அதிகாரியொருவர் தம் மகனை அங்கே அனுப்புவதில் இனித் தயக்கம் கொள்ள வேண்டியதில்லை. ஆவணத்தில் இடப்பட்ட ஒரு கையெழுத்து, ஜெர்மானிய இலக்கியத்தின் ஒரு புதிய பருவத்துக்குத் தன்னையறியாமலேயே வழி திறந்துவிட்டது எனலாம்.

நண்பரிருவரும் அதற்கு முந்திய ஓராண்டு பிரிந்திருந்தனர். டீக் ஹாலேயிலும் கெட்டிங்கனிலும் பயின்றார்; வாக்கன்ரோடர் பெர்லினில் தந்தையின் பார்வையில் இருந்தார். அப்பிரிவில் எழுந்த கடிதங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. 1792ஆம் ஆண்டின் கோடையில் டீக் ஒரு நாவலை நண்பர்களுக்கு இடைவிடாது பல மணிநேரம் உரக்கப் படித்து, அதன் முடிவில் அறிவு கலங்கும் நிலையை அடைந்தார். அந்த அச்சத்தை வாக்கன்ரோடருக்கே எழுதினார். பிரெஞ்சுப் புரட்சியின்மீது தமக்கிருந்த வேட்கையையும் அவருக்கே எழுதினார். வாக்கன்ரோடரோ அரசியலில் அத்துணை ஈடுபாடு காட்டியவரல்லர். நண்பனின் மனக்கொதிப்பை ஆற்றுவதே அவர் கவலை. எர்லாங்கனில் இருவரும் மீண்டும் ஒன்றுசேர்ந்தது இப்பின்னணியில்தான். அவர்கள் பயணம் புறப்பட்ட அதே வேளையில், மேற்கே மைன்ஸ் நகரில் புரட்சியாளர் அமைத்த குடியரசைப் பிரஷ்யப் படைகள் முற்றுகையிட்டுக் கொண்டிருந்தன. நண்பர்கள் சென்றதோ கிழக்கு நோக்கி.

பன்னிரண்டு நாட்பயணம் அது. முகன்டோர்ஃப் பகுதியின் குகைகளும் பாறைகளும் முதலில் வந்தன. அக்குகைகளுள் கிடைத்த எலும்புகளைப்பற்றி எஸ்பர் என்னும் பாதிரியார் 1774இல் நூலெழுதியிருந்தார். ரோசன்முல்லர் அடுத்த ஆண்டே, அதாவது 1794இல், அவற்றுள் குகைக்கரடியை அடையாளங்கண்டு அதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். 'ஃபிராங்கோனிய ஸ்விட்சர்லாந்து' என்று சுற்றுலாக்காரர் இன்று வழங்கும் பெயர் அக்காலத்தில் இல்லை. பிறகு பைராய்ட், அதற்கப்பால் ஃபிக்டெல் மலைத்தொடர், அதன் கருங்கற்பாறைகள், ஊசியிலைக் காடுகள், சுரங்கங்கள், இரும்பு உலைகள். அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் என்ற இளைஞர் பிரஷ்யாவின் சுரங்க அலுவலராக அம்மலைப்பகுதியில் பணியாற்றிய காலம் அது. தென்னமெரிக்கா அவருக்கு இன்னும் தொலைவில் இருந்தது.

ஒரே பயணத்தை இருவரும் தனித்தனியே எழுதினர். இலக்கிய மாணவனுக்குச் சுவையானது இவ்விடமே. வாக்கன்ரோடர் பெற்றோருக்கு எழுதினார். கடிதங்கள் நீளமானவை, ஒழுங்கானவை. சாலை எப்படி, தொலைவு எவ்வளவு, எந்த ஊரில் என்ன தொழில், சுரங்கத்தில் என்ன எடுக்கிறார்கள் என்று ஓர் அலுவலர் தம் மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்புவதுபோல் அவை செல்கின்றன. தந்தையின் செலவில் பயணம் செய்யும் மகன், பணம் வீண்போகவில்லை என்று காட்ட வேண்டுமல்லவா! டீக் தம் தங்கை சோஃபிக்கும் நண்பர் பெர்ன்ஹார்டிக்கும் எழுதினார். அங்கே காடும் இருளும் அந்தியும் வருகின்றன, மனம் ததும்புகிறது. இவற்றைப் படிப்பவர், டீக் கவிஞர் என்றும் வாக்கன்ரோடர் கணக்கர் என்றும் எளிதில் முடிவுகட்டிவிடுவர். அம்முடிவு பிழையானது. வாக்கன்ரோடரின் அடக்கம் யாருக்கு எழுதுகிறோம் என்பதை அறிந்தவரின் அடக்கம். அவர் சொல்லாமல் விட்டவை மூன்றாண்டுகளுக்குப் பின் வேறொரு குரலில் வெளிவந்தன.

அக்கோடை முழுவதும் அவர்கள் ஓய்ந்திருக்கவில்லை. எர்லாங்கனுக்கு அண்மையிலுள்ள நூரம்பெர்க் அன்று தன்னாட்சி பெற்ற நகரம். ஆனால் கடனில் மூழ்கி, பழம்பெருமையைத் தவிர வேறு முதலில்லாத நகரம். கோணல் தெருக்களும் கூரிய கூரைகளும் இருண்ட தேவாலயங்களும் அறிவொளிக் காலத்து ரசனைக்கு அழகாகப் படவில்லை. அங்குதான் இவ்விருவரும் தங்கள் செல்வத்தைக் கண்டெடுத்தனர். ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் வாழ்ந்து 1528இல் இறந்த ஊர் அது. செருப்புத் தைத்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் பாட்டுக் கட்டிய ஹான்ஸ் சாக்ஸின் ஊரும் அதுவே. தொழிலும் கலையும் வேறுபடாத ஒரு காலம் அத்தெருக்களில் உறைந்திருப்பதாக அவர்கள் கருதினர். வரலாறு அப்படி இருந்ததா என்பது வேறு கேள்வி. வழக்குமன்றப் படிகள் தமக்காகக் காத்திருப்பதை அறிந்த ஓர் இளைஞனுக்கு, பட்டறையிலேயே கவிஞனாக வாழ்ந்த சாக்ஸ் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எளிதில் உணரலாம்.

போமர்ஸ்ஃபெல்டன் மாளிகையில், ரஃபேல் தீட்டியதென அக்காலத்தார் நம்பிய கன்னிமரியாள் ஓவியமொன்றின் முன் வாக்கன்ரோடர் நின்றார். அது ரஃபேலின் கைவண்ணம் அன்று எனப் பிற்கால ஆய்வாளர் மறுத்துவிட்டனர். அவர் அன்று அடைந்த பரவசத்தை மறுக்க எந்த ஆய்வாலும் இயலவில்லை.

ஜூலையில் பாம்பெர்க். அது கத்தோலிக்க ஆயரொருவர் அரசாண்ட நாட்டின் தலைநகர். அங்குள்ள பேராலயத்தில் புனித ஹைன்ரிஷ் திருநாள். பெர்லினின் புராட்டஸ்டண்டு மாணவருக்குக் கத்தோலிக்கப் பூசை என்பது காணாத காட்சி. மணியொலித்ததும் கூட்டம் முழுவதும் முழந்தாளிட்டது. வாக்கன்ரோடரும் முழந்தாளிட்டார். பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில் அதற்கு அவர் காரணம் கூறினார்: நின்றுகொண்டே இருந்தால் மக்களின் வெறுப்புக்கு ஆளாகியிருக்கக் கூடும். அத்துடன் நிறுத்தியிருந்தால் தந்தை மனநிறைவு கொண்டிருப்பார். ஆனால், முழந்தாளிடுவது தமக்குச் சற்றும் கடினமாக இல்லை என்பதையும், சுற்றிலும் ஓர் உலகமே பணியும்போது தாம் மட்டும் நின்றால் மனித இனத்தைச் சேராதவர் போலாகியிருக்கும் என்பதையும் சேர்த்தே எழுதிவிட்டார். அறிக்கையாளரின் பேனா வழுக்கிய இடம் அது.

1796இன் இறுதியில் பெர்லினில் ஒரு சிறுநூல் வெளிவந்தது. கலையை நேசிக்கும் துறவியொருவரின் உள்ளப்பெருக்கு என்பது அதன் தலைப்பின் பொருள். ஆசிரியர் பெயர் இல்லை. கதே எழுதியதோ என்று ஐயுற்றவரும் உண்டு. மடத்தில் ஒதுங்கி வாழும் முதிய துறவி ஒருவர், ரஃபேலையும் டியூரரையும் பிற ஓவியரையும் நினைந்துருகுவதாக அமைந்த நூல். உண்மையில் அம்முதியவர் 23 வயதான, நீதிமன்றப் பயிற்சியில் இருந்த வாக்கன்ரோடரே. டீக்கும் சில பகுதிகளை எழுதிச் சேர்த்தார். கலை என்பது விதிகளால் அளந்து மதிப்பிடும் பொருள் அன்று; வழிபாட்டுக்கு ஒப்பானது என்று ஜெர்மன் மொழியில் அவ்வளவு தெளிவாகச் சொன்ன முதல் நூல் அது. கற்பனாநவிற்சி இயக்கத்தின் தொடக்கத்தை இதிலேயே பலர் காண்பர்.

அந்நூலில் ரோம் நகரிலிருந்து ஓர் இளம் ஜெர்மன் ஓவியன் எழுதும் கடிதம் ஒன்று உண்டு. தேவாலயத்தில் கூட்டம் முழந்தாளிட, அவனும் தன்னையறியாமல் முழந்தாளிடுகிறான். அத்தருணமே அவனைக் கத்தோலிக்கனாக்குகிறது. இப்பகுதியை டீக் தம்முடையதாகக் குறித்தார். ஆனால் பாம்பெர்க்கில் தரையைத் தொட்ட முழந்தாள் வாக்கன்ரோடருடையது. வாக்கன்ரோடர் மதம் மாறவில்லை. பூசை முடிந்ததும் எழுந்து எர்லாங்கனுக்குத் திரும்பிப் பெற்றோருக்குக் கடிதமெழுதினார். ஒருவர் பட்ட அனுபவத்தை மற்றவர் தம் கற்பனையால் அதன் எல்லைவரை இட்டுச்சென்றார் என்றே கொள்ள வேண்டும். இதனைக் களவு என்பாரும் இருக்கலாம். இருவரும் ஒரே கூரையின்கீழ்க் கண்டதைப் பங்கிட்டுக்கொள்ள வேலி எங்கே இட முடியும்?

அந்நூலின் இறுதிப் பகுதி எவ்வித ஐயமும் இன்றி வாக்கன்ரோடருடையது. யோசஃப் பெர்க்லிங்கர் என்னும் இசைக்கலைஞனின் கதை அது. மருத்துவரான தந்தை மகனும் மருத்துவனாக வேண்டுமென விரும்புகிறார், மகன் இசையை நாடி வீட்டைவிட்டு ஓடுகிறான், புகழ் பெறுகிறான், ஆனால் கலைக்கும் வாழ்வின் துன்பங்களுக்கும் இடையில் பிளவுண்டு, உயிர்த்த ஞாயிறு நாளுக்கெனப் பேரிசையொன்றை அமைத்தபின் நரம்புத் தளர்ச்சியால் நலிந்து இளமையிலேயே மாண்டுபோகிறான். தப்பியோடும் வாழ்வை வாக்கன்ரோடர் கதையில் மட்டுமே வாழ்ந்தார். இளமையில் நேர்ந்த சாவு மட்டும் கதைக்கு வெளியேயும் வந்தது. 1798 பிப்ரவரி 13ஆம் நாள் பெர்லினில் அவர் இறந்தபோது வயது 24.

டீக் அதற்குப்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். நண்பருடன் சேர்ந்து திட்டமிட்ட நாவலைத் தனியாக எழுதி, 1798இலேயே 'ஃபிரான்ஸ் ஸ்டெர்ன்பால்டின் அலைவுகள்' என வெளியிட்டார். நூரம்பெர்க்கிலிருந்து புறப்படும் டியூரரின் மாணவன் ஒருவன் ஐரோப்பிய நகரங்களினூடே அலைவது அதன் கதை. தொடக்கத்திலேயே அவன் தன் ஆருயிர் நண்பனைப் பிரிகிறான். நாவல் முற்றுப்பெறவே இல்லை. 1799இல் வாக்கன்ரோடர் விட்டுச்சென்ற தாள்களைத் தம் எழுத்துகளுடன் சேர்த்துக் 'கலைபற்றிய கற்பனைகள்' என்ற பெயரில் பதிப்பித்தார். எது யாருடையது என்னும் வழக்கு அதிலிருந்தே வளர்ந்தது. 1814இல் தம் பகுதிகளை நீக்கி, நண்பருடையவற்றை மட்டும் தனியே தொகுத்து மீண்டும் ஒரு பதிப்பு வெளியிட்டார். ஆனால் அவர் வெவ்வேறு காலங்களில் தந்த குறிப்புகள் ஒன்றோடொன்று முற்றிலும் பொருந்தவில்லை. ஆய்வாளர் இதனை இருபதாம் நூற்றாண்டிலும் விவாதித்தனர். டீக் வேண்டுமென்றே மறைத்தார் என்பதற்குச் சான்று போதாது. இருபது வயதில் இரவுபகலாகப் பேசித் தீர்த்தவற்றுள் எந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தது என்பதை நாற்பது வயதில் ஒருவர் பிரித்துக் காட்டுவது எளிதன்று. ஒன்றைமட்டும் உறுதியாகக் கூறலாம்: டீக் அத்தாள்களைக் காத்திராவிட்டால் அவற்றிற்கு வேறு காப்பாளர் இருந்திருப்பது ஐயமே.

நூலோ தன்வழியே பயணம் செய்தது. 1809இல் வியன்னாவில் சில இளம் ஓவியர்கள் புனித லூக்காவின் பெயரால் ஒரு சங்கம் கண்டு, அடுத்த ஆண்டே ரோமுக்குச் சென்றனர். துறவியின் நூல் அவர்களுக்குச் சமயநூல் போலாயிற்று. கதேக்கு இப்போக்கு அறவே பிடிக்கவில்லை. ஸ்டெர்ன்பால்டையும் துறவியையும் சேர்த்தே கடிந்தார். 1806இல் நூரம்பெர்க் தன்னாட்சியை இழந்து பவேரியாவின் பகுதியானது. 1840இல் அங்கே டியூரருக்கு வெண்கலச் சிலை எழுந்தது. டீக் 1853இல் பெர்லினில் மறைந்தார்.

எர்லாங்கன் குன்றில் விழா இன்றும் நடக்கிறது. பெருந்தொற்றுக் காரணமாக 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் அது நடைபெறவில்லை. பெந்தெகொஸ்தேக்கு முந்திய வியாழனன்று மாலை ஐந்து மணிக்கு முதல் பீப்பாய் திறக்கப்படும். முதுகில் பையுடன் நகரம் நகரமாகத் திரியும் இளைஞர்களும் அக்கூட்டத்தில் கலந்துகொள்கின்றனர். பன்னிரண்டாம் நாள் கடைசிப் பீப்பாயை முறைப்படி மண்ணில் புதைத்துவிட்டு மக்கள் குன்றிலிருந்து இறங்குவர்.