சிரைவழி நீர்மமும் சிந்தனைத் திறனும்

சிரைவழி நீர்மம் என்பது ஊசி மூலம் சிரைக்குள் நேரடியாகச் செலுத்தப்படும் உப்பு அல்லது சர்க்கரைக் கரைசல் ஆகும். தமிழ்நாட்டிலும், புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் போன்ற ஊர்ப்புறப் பகுதிகளிலும் இது பேச்சுவழக்கில் "குளுக்கோஸ் ஏற்றுதல்" அல்லது "டிரிப்ஸ்" எனப்படுகிறது. இந்நீர்மங்களின் வகையும் அளவும் உடல்நலமுள்ளோரின் சிந்தனையையும் பாதிக்கக்கூடும்.

வரலாறு

1832-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் லாட்டா, வாந்திபேதி நோயாளிகளுக்கு உப்புக் கரைசலைச் சிரைவழியே செலுத்தினார். 1880-களில் சிட்னி ரிங்கர் உருவாக்கிய கரைசலுடன், 1930-களில் அலெக்சிஸ் ஹார்ட்மன் லாக்டேட்டைச் சேர்த்தார். இதுவே இன்றைய ரிங்கர் லாக்டேட் கரைசலுக்கு அடிப்படையாகும்.

1999 ஆய்வு

1999-இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள தன்னார்வலர்களுக்கு 0.9% உப்புக் கரைசலும் ரிங்கர் லாக்டேட்டும் வெவ்வேறு நாட்களில் செலுத்தப்பட்டன. அளவு, ஒரு மணி நேரத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 மி.லி. ஆகும். அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 3 லிட்டர். சோர்வு, நுண்கருத்துகளைச் சிந்திப்பதில் தடுமாற்றம் போன்ற மாற்றங்கள் உப்புக் கரைசலின்போது மட்டுமே உணரப்பட்டன. இவை தன்னார்வலர்கள் தாமே கூறியவை. தேர்வுகளால் அளக்கப்பட்டவை அல்ல.

காரணம்

0.9% உப்புக் கரைசலின் ஒரு லிட்டரில் 154 மில்லிமோல் குளோரைடு உள்ளது. இது குருதியில் உள்ளதைவிட மிகுதி. எனவே குருதியின் காரத்தன்மை சற்றுக் குறைகிறது. மாறாக, சோடியம் இல்லாத சர்க்கரைக் கரைசலை அளவுக்கு மீறிச் செலுத்தினால், குருதியில் சோடியம் குறைந்து மூளைச் செல்கள் வீங்கும். இதனால் தலைவலி, மனக்குழப்பம், வலிப்பு ஆகியன ஏற்படலாம்.

தெம்பு பற்றிய நம்பிக்கை

வயல்வேலையில் களைத்தவர்கள் "தெம்புக்காக" டிரிப்ஸ் கேட்பதுண்டு. 5% குளுக்கோஸ் கரைசல் 500 மி.லி. புட்டியில் உள்ள சர்க்கரை 25 கிராம் மட்டுமே. இதன் ஆற்றல் ஏறத்தாழ இரண்டு இட்லிக்குச் சமம். நீரிழப்பு உள்ளவருக்கு நீர் கிடைத்ததும் கவனமும் தெளிவும் மீள்வது உண்மையே. ஆயினும் வாய்வழி அருந்த இயலுபவருக்கு அதே பயனை உப்புச்சர்க்கரைக் கரைசலும் தரும். ஊசியால் வரும் தொற்று, சிரை அழற்சி ஆகிய இடர்களும் இல்லை. 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் வாய்வழிக் கரைசலால் வாந்திபேதி இறப்புகளைப் பெருமளவு குறைத்தார். மயக்கம், கடும் நீரிழப்பு, நிற்காத வாந்தி ஆகியவற்றுக்குச் சிரைவழி நீர்மம் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

- நீரிழப்பு
- வாய்வழி நீரேற்றக் கரைசல்
- வாந்திபேதி